மலை மீது பழி

"இந்தக் கல்லா சார்? பிஸ்கெட் மாதிரி. கையில எடுத்தாலே உதிரும்!"

டீக்கடைக்காரி கூசாமல் சொன்னாள். மஞ்சள் ஹெல்மெட்டும் அளவு நாடாவுமாக நின்றவர், கடைக்குப் பின்னால் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்த கரட்டு மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்.

மலையை உடைத்துக் கல் எடுக்க ஆள் வரப்போகிறது என்று ஒரு வாரமாக ஊரே பேசிக்கொண்டிருந்தது. வந்துவிட்டான் மகராசன். அந்த மலை நிற்கிறவரைக்கும்தான் கடல் காற்று கடையைத் தூக்காமல் இருக்கும். அதன் அடிவாரத்துப் பாறைகளில் தூண்டில் போட வருகிற பத்துப் பேரை நம்பித்தான் அவள் அடுப்பே எரிகிறது.

"பார்த்தா கெட்டியா தெரியுதேம்மா?"

"பார்வைக்கு யாருதான் கெட்டி இல்ல? எங்க வீட்டுக்காரர்கூடத்தான் கெட்டியா தெரியறார்."

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "என்னடி சொல்றே? கொட்டகை போட அந்தப் பாறையில ஒரே ஒரு துளை போடறதுக்குள்ள மூணு உளி முறிஞ்சு..."

"பால் பொங்குது பாருங்க!"

"அடுப்பே பத்த வைக்கலையே?"

"அப்ப பத்த வைங்க!"

வந்தவர் சிரிக்கவில்லை. "மேலே ஏறப் பாதை இருக்கா?"

"ஆடே ரெண்டு தடவை யோசிச்சுட்டுத்தான் ஏறும். உச்சியில காத்து ஒரு அறை விட்டா ஆளு நேரா கடல்லதான். அதுக்குத் தப்பிச்சா தேனீ. தேனீக்கும் தப்பிச்சா பாம்பு."

"என்ன பாம்பு?"

"கடிபட்டவன் எவன் சார் பேர் கேட்டான்?"

அவர் முகம் வெளுத்தது. அதுவரை எழுதியதை எல்லாம் குறுக்கே அடித்தார். கீழே ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் ஏலக்காய் தட்டி ஸ்பெஷல் டீ போட்டு நீட்டினாள்.

"ரொம்ப நன்றிம்மா. நான் சுற்றுலாத் துறை. இங்க படிக்கட்டு கட்டி, கம்பி வேலி போட்டு, தினம் ஆயிரம் பேரை ஏத்தலாம்னு இருந்தோம். நல்லவேளை, உண்மையைச் சொல்லிக் காப்பாத்தினீங்க."

டீயை ஊதிக்கொண்டே அவர் போனைக் காதில் வைத்தார். "ஹலோ, குவாரிக்காரரா? மலை எங்களுக்கு வேணும்னு உங்களை ஆறு மாசமா நிறுத்தி வச்சிருந்தோமே... எங்களுக்கு வேணாம். நாளைக்கே வெடி வச்சுக்குங்க."