இல்லாத பெயர்

"இல்லாத பேருக்கு இல்லையெண்டுதான் சொல்லவேணும், பிள்ளை. அதை முதல் வரியிலை போடுங்கோ."

ஷிஹானா திரும்பிப் பார்த்தாள். சற்று முன்புவரை கதிரையில் சரிந்து கிடந்த மனுஷியா இது? இராசேஸ்வரி நெஞ்சுவலிக் குளிசையை விழுங்கிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, எழுது என்பதுபோல் கணினியைக் காட்டினார்.

வவுனியா கடைத்தெருவில் ஷிஹானா நடத்தும் இணையக் கடைக்கு அவர் வெள்ளிதோறும் வருவார். நெளுக்குளத்தில் பஸ் ஏறி, கோயிலை முடித்துக்கொண்டு, ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டுமுன் வந்துவிடுவார். ஒற்றை விரலால் மகன் செந்தூரனின் முழுப்பெயரை ஆங்கிலத்தில் தட்டி இணைய முகவரியாக்குவார். 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று திரை சொல்லும். "சரி பிள்ளை, போட்டு வாறன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு முகச்சுளிப்புக் கிடையாது. என்ன மனத்திடம் என்று ஷிஹானா வியந்துபோவாள்.

செந்தூரன் கிளிநொச்சியில் கணினி வகுப்பு நடத்தியவன். போன வருஷம் சண்டையில் பாதை பூட்டியதும் வன்னிக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டான். தொலைபேசித் தொடர்பும் அறுந்துபோனது. அவன் பெயரில் ஒரு பக்கம் திறக்குமா என்றுதான் தாய் காத்திருக்கிறார் என்பது ஷிஹானாவுக்கு விளங்கியது. "கனடாவிலை இருக்கிற மகள் சுதாஜினிதான் எங்கட வீட்டு ஆக்களுக்குப் பக்கம் செய்யிறவள்" என்று அவரே ஒருமுறை சொல்லியிருந்தார். வன்னிச் செய்தி வவுனியாவுக்கு வருமுன் கனடாவுக்குப் போய்விடும் காலம் அது. மகளிடமே கேட்டுவிடலாமே என்றதற்கு, "அவள் எப்பவும் எல்லாரும் நல்ல சுகமெண்டுதான் சொல்லுவாள்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

இன்றைக்குப் பெயரைத் தட்டியதும் ஒரு பக்கம் திறந்துகொண்டது. இராசேஸ்வரி அதில் ஓர் எழுத்தைக்கூட வாசிக்கவில்லை. "என்ரை பிள்ளை" என்றபடி அப்படியே சரிந்தார். சந்தோஷம் தாங்காமல் மயங்கிவிட்டார் என்று ஷிஹானா தண்ணீரோடு ஓடிவந்தாள். வந்து பார்த்தால் திரை முழுக்கச் சவர்க்கார விளம்பரம்.

சந்தேகம் வந்து, கண்டபடி எழுத்துகளைத் தட்டிப் பார்த்தாள். அதே சவர்க்காரம். கொஞ்சம் தேடியதில் சங்கதி வெளித்தது. அந்த வகை முகவரிகளின் பதிவேட்டை வைத்திருக்கும் நிறுவனம் புதிய சேவை என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. யாரும் பதியாத பெயரைத் தட்டினால் இனி அவர்களுடைய விளம்பரம்தான் வரும். கேட்டால் பரீட்சார்த்தமாம். பதிவகங்களை மேற்பார்வை செய்யும் உலக அமைப்பு இதை அனுமதிப்பதா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது.

ஷிஹானா தயங்கித் தயங்கித்தான் உண்மையைச் சொன்னாள். "அது மகன்ரை பக்கமில்லை அன்ரி. அந்தப் பேரை இன்னும் ஒருத்தரும் பதியேல்லை."

உண்மையாகவா என்று இராசேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் லேசானதல்ல. அந்த அமைப்புக்குத் தானும் எழுதியே ஆகவேண்டும் என்றார்.

ஷிஹானாவின் கணவன் நஜீம் சிரித்தான். அங்கே எழுதுகிறவர்கள் எல்லாம் பொறியியலாளர்களும் சட்டத்தரணிகளும், வவுனியாவிலிருந்து போவதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்றான்.

"வாசிக்காட்டிப் போகட்டும், தம்பி. நான் சொல்லாமல் விட்டதெண்டு இருக்கக்கூடாது" என்றார் இராசேஸ்வரி.

அவர் சொல்லச் சொல்ல ஷிஹானா ஆங்கிலத்தில் தட்டினாள். "ஒரு வீட்டுக் கதவைத் தட்டிறம். ஆள் இல்லையெண்டால் கதவு பூட்டியிருக்கவேணும். ஆரோ ஒருத்தன் உள்ளுக்கு இருந்து திறந்து, சவர்க்காரம் வாங்குங்கோ எண்டால், தட்டின ஆளின்ரை நெஞ்சு என்னாகும்? ஆரைக் கேட்டு இதைத் தொடங்கினவை? முதல் கேக்கவேணும், பிறகுதான் செய்யவேணும்." கொஞ்சம் பணிவாக முடிக்கலாமா என்று ஷிஹானா கேட்டாள். மனுஷி சம்மதிக்கவில்லை. அடியில் தன் பெயரையும் நெளுக்குளம், வவுனியா என்பதையும் போடவைத்து, அனுப்பியதைக் கண்ணால் கண்ட பிறகே எழுந்தார்.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் வந்தார். சவர்க்காரத்தைக் கண்டு முகம் வெளிறித் திரும்பினார். அலையவேண்டாம், பெயர் பதிவாகியிருக்கிறதா என்று தானே பதிவேட்டில் பார்த்துச் சொல்வதாக ஷிஹானா சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு ஆட்கள் நல்லதைத்தான் சொல்லுவார்கள், என் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். பதில் வந்ததா என்றும் ஒவ்வொரு முறையும் விசாரித்தார். வராவிட்டால் இன்னொன்று எழுதுவோம் என்றார்.

கடைசியில் பதில் வந்தது. எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்ததால் அந்தச் சேவைக்கு அனுமதி இல்லை என்று அமைப்பு அறிவித்துவிட்டது. அந்த வெள்ளி இராசேஸ்வரி பெயரைத் தட்டியபோது பழைய வாசகம் வந்து நின்றது. அப்படி ஒரு முகவரி இல்லை.

ஷிஹானாவுக்கு மனம் கேட்கவில்லை. இவ்வளவு போராடி வென்று, கிடைத்தது இந்த 'இல்லை'தானா? அவர் தோளில் கை வைத்தாள்.

"கவலைப்படாதைங்கோ, அன்ரி. செந்தூரன்ரை பக்கம் ஒரு நாளைக்குக் கட்டாயம் திறக்கும்."

இராசேஸ்வரி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார்.

"அப்பிடிச் சொல்லாதைங்கோ, பிள்ளை. மகளைப் பாக்கப் போன என்ரை மனுசன் அங்கை கண்ணை மூடினதை, என்ரை நெஞ்சு வருத்தத்துக்குப் பயந்து ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. அவற்ரை பேரிலை திறந்த பக்கத்திலைதான், விளக்குக்குப் பக்கத்திலை அவற்ரை படத்தைக் கண்டனான். சுதாஜினி எங்கட வீட்டிலை செத்தவைக்கு மட்டும்தான் பக்கம் செய்யிறவள்."