அப்பாவின் கடைவாய்ப் பல்

பூங்கோதை மதுரையில் பல் மருத்துவர். அவள் பல்லடைக்க வைக்கும் பசை, எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது, எத்தனை அழுத்தம் தாங்குகிறது என்பதையெல்லாம் அவள் கைபேசிக்கே சொல்லிவிடும்.

கோவில்பட்டியில் தனியாக இருக்கும் அப்பாவின் கடைவாய்ப் பல்லிலும் அதே பசைதான். அம்மா போனதிலிருந்து அவர் கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை என்று அது தினமும் கோள் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்று கைபேசி அலறியது. அளவுக்கு மீறிய கடி, பிடிப்பு தளர்கிறது.

பதறிப்போய் அழைத்தாள். "எப்பா, என்னத்தக் கடிக்கீங்க?"

"இட்லிதான் தாயி." சொல்லும்போதே கடலைமிட்டாய் கடக்கென்று உடைந்தது.

பூங்கோதைக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. எச்சரிக்கையை அணைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கொண்டுபோகும் பையில் புதுப் பசைக்குழாயை எடுத்து வைத்தாள்.

"இன்னும் ரெண்டு இட்லி தின்னுங்கப்பா."