இறுகும் வரைக்கும்

யாழ்ப்பாண பஸ் மாத்தளையைத் தாண்டியபோதுதான் நவரட்ணராஜா தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். துரு அப்பியிருந்தது. ஏறும்போது பிடித்த கம்பியின் வேலை என்று பஸ்காரனை மனதுக்குள் திட்டிவிட்டு, கைலேஞ்சியால் துடைத்தார்.

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மனைவி றீற்றா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயோ, மேல்மாடி பேசின் பைப்பைத் திறந்தபடி விட்டிட்டு வந்திட்டன்!"

மாசி வெயிலில் அவர்கள் குடியிருக்கும் கட்டுகஸ்தோட்டை முழுக்கத் தண்ணீர் வெட்டு. பகல் இரண்டு மணிக்குத்தான் விடுவார்கள். வரும் சத்தம் காதில் விழட்டும் என்று றீற்றா ஒரு பைப்பைத் திறந்தே வைப்பாள். அந்த பேசினோ ஒரு கிழமையாக அடைத்துக் கிடக்கிறது. "ஊருக்குப் போய்வந்து பார்ப்பம்" என்று தள்ளிப்போட்டவர் சாட்சாத் நவரட்ணராஜாவேதான்.

அதற்கு நேர் கீழே மகள் மதனியின் அறை. அடுத்த மாதக் கல்யாணத்துக்கு வாங்கிய சீலைகள், மெத்தை, புது அலுமாரி எல்லாம் அங்கேதான். அந்தக் கல்யாணத்துக்குச் சொல்லத்தான் மூன்று பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மதனி முன் இருக்கையில் நல்ல தூக்கம். திரும்ப மூன்று நாளாகும்.

"வாசல் வால்வைப் பூட்டினியள்தானே?"

வெளியூர் போகும்போதெல்லாம் மீட்டருக்குப் பக்கத்து வால்வைப் பூட்டுவது அவர் வழக்கம். இன்றைக்குப் பூட்டினாரா? தலையைப் பிய்த்துக்கொண்டும் பிடிபடவில்லை. ஓடுகிற பஸ்ஸில் இருந்துகொண்டு மனிதர் என்னதான் செய்வார்?

பக்கத்து வீட்டு ருக்கியாவுக்குப் போன் போட்டார்.

"கேற்றுக்கு வெளியில, மீட்டருக்குப் பக்கத்தில ஒரு சக்கரம் இருக்கு தங்கச்சி. வலப்பக்கமாத் திருப்புங்கோ, இறுகும் வரைக்கும்."

"பயப்படாதீங்க ஸேர். நான் மடவளைக்குத் தங்கச்சிட வீட்டுக்குத்தான் கெளம்புறேன். போற போக்கில பூட்டிட்டுப் போறேன்."

பத்து நிமிடத்தில் அவளே திரும்ப அழைத்தாள்.

"வேலை முடிஞ்சிச்சு ஸேர். கையே வலிக்குது!"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தம்புள்ளையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்ப ஏறக் கம்பியைப் பிடித்தவர் அப்படியே நின்றார். கம்பி புத்தம் புதுசு, பளபளவென்று மின்னியது. அப்படியானால் கையில் இருந்த துரு?

காலையில் நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வால்வுக்கு முன்னால் குந்தியிருந்து, இனி இறுக இடமில்லை என்னும் மட்டும் திருகியதும், கை கழுவத் தண்ணீர் இல்லாமல் பஸ்ஸுக்கு ஓடியதும்.

றீற்றா சிரித்தாள். "சும்மா இருந்த பிள்ளையை அலைக்கழிச்சிட்டியள். ஒரு சொல்லுச் சொல்லிப்போடுங்கோ."

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மறுமுனையில் மடவளை வீட்டுப் பிள்ளைகளின் கூச்சல்.

"குறைநினைக்காதேங்கோ தங்கச்சி. காலமை நானே பூட்டிப்போட்டுத்தான் வந்திருக்கிறன்."

"அப்படியா ஸேர்? அதான், வலப்பக்கம் கொஞ்சமும் அசையல்ல. இடப்பக்கம் சுத்திச்சு, இறுகும் வரைக்கும் சுத்திட்டேன்!"