அறுபத்தைந்து இஞ்ச்

“அப்பா டிவி வாங்கியிருக்காராம். அறுபத்தஞ்சு இஞ்ச்.”

மேல்கட்டிலில் படுத்திருந்த தாடிக்காரர் கட்டிலே குலுங்கச் சிரித்தார். “நீ இங்க வயித்தைக் காயப்போட்டு காசு அனுப்புற. உங்கப்பாவுக்கு அங்க சினிமாக் கொட்டகை கேக்குதா?”

அவன் கீழ்க்கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஆறு பேர் படுக்கும் அறையில் கோபப்படக்கூட இடம் கிடையாது.

அதுவும் யார் வாங்கியது? ஆலை வாசலில் கொடி பிடித்து, ‘விளம்பரத்துக்கு மயங்குகிறவன் பாதி அடிமை’ என்று தொண்டை கிழியப் பேசிய மனிதர்.

விடுமுறை நாளன்று வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டான். வழக்கம்போல் முதுகுக்குப் பின்னால் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டான். தனி அறை, நல்ல சாப்பாடு என்று, வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் அவனிடம் சொன்ன பொய்யைத்தான் அவன் வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

அப்பா போனைப் புது டிவியோடு இணைத்திருந்தார்; அம்மா அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“மூஞ்சி கலங்கலாத் தெரியுதுடா. ஆனா கன்னத்துல சதை போட்டிருக்கு. நல்லா சாப்பிடுறியா?”

“சாப்பிடுறேம்மா.”

“அது போதும்டா எனக்கு.”

இந்தத் தடவை அம்மா கண்ணைத் துடைக்காமல் பேசி முடித்தாள். சிரிக்கவும் சிரித்தாள்.

“அப்பாகிட்ட குடும்மா.”

டிவி இணைப்பை எடுத்துவிட்டு, அப்பா போனோடு கொல்லைப்பக்கம் வந்தார்.

“ஏம்பா, இங்க சிக்னல் ரொம்ப மட்டம். வந்து சேர்ற படத்தோட புள்ளிங்களே கொஞ்சம்தான். சின்ன போன்ல அதெல்லாம் நெருங்கி நிக்கும், படம் பளிச்சுனு இருக்கும். அதையே சுவர் அகலத்துக்கு இழுத்தா? பலூனை ஊதினா அதுல இருக்கிற எழுத்து வெளிறிப் போகுதில்ல, அந்தக் கதைதான். இதுகூட விசாரிக்காமலா வாங்குனீங்க?”

“விசாரிச்சேன். கடைக்காரரும் இதையேதான் சொன்னார். சின்னதா எடுங்க, பையன் முகம் தெளிவா இருக்கும்னார்.”

“அப்புறம் என்னதுக்குப்பா?”

அப்பா உள்ளங்கைத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“போன்ல உங்கம்மா உன் கழுத்தெலும்பை எண்ணிக்கிட்டிருந்தா. போன தடவை, போர்வைக்கு மேல யாரோட காலோ தொங்குதேன்னு கேட்டா. காயப்போட்ட பேன்டுன்னு சமாளிச்சேன். எத்தனை நாளைக்குச் சமாளிக்கிறது? அதான் கடையிலயே பெரிசு எதுன்னு கேட்டு எடுத்துட்டு வந்தேன்.”

அவன் தலை குனிந்துகொண்டான்.

“நிமிருடா. உன்னைத் தெளிவாப் பாக்க வீட்டுல நான் ஒருத்தன் போதும்.”