கட்டிப் புரள்பவர்களைச் சுடும் விதி

“சுடறேன்” என்றாள் சசிகலா.

தருமபுரியில் அவள் வீட்டு மாடியில் தம்பி அன்பு, கதை சொல்லி அதில் நடப்பதைப் பகடை உருட்டி முடிவு செய்யும் ஆட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தான். அவள் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான், அவள் கணவனோடு வேலை பார்த்த போலீஸ்காரன் இனிகோவும் ஆட வந்திருந்தான்.

ஆட்டத்தின் கதையில் சசிகலாவின் கூட்டாளியும் கத்தி வைத்திருந்த ஒரு திருடனும் கட்டிப் புரண்டார்கள். துப்பாக்கி அவளிடம் இருந்தது.

“ரூல் கேட்டுக்கக்கா. இது இருபது பக்கப் பகடை. பத்துக்கு மேல விழுந்தா குண்டு திருடனுக்கு. இல்லன்னா உன் கூட்டாளிக்கு.”

“ரெண்டடி தூரம்டா. குறி எப்படித் தப்பும்?”

“கட்டிப் புரளறாங்கல்ல. உருட்டு.”

நான்கு விழுந்தது. கூட்டாளி செத்தான்.

“மறுபடியும் அதே இடத்துல ஆரம்பி” என்றாள் சசிகலா.

அடுத்து ஏழு. அதற்கடுத்து மூன்று.

“இனி எவனும் உனக்குக் கூட்டாளியா வரமாட்டான்” என்றான் அன்பு.

சசிகலா இனிகோவைப் பார்த்தாள்.

“போன வருசம் மொரப்பூர் ரோட்டுல திருடன் எங்க வூட்டுக்காரரைக் குத்திக் கொன்னப்ப, கூடப் போன போலீஸ் நீங்க ஒருத்தர்தான். கையில துப்பாக்கி இருந்தும் ஏன் சுடலைன்னு இத்தன நாளா உங்களத் திட்டிட்டிருந்தேங்கண்ணா. கட்டிப் புரண்டதால அவர் மேல பட்டுரும்னுதான சுடல?”

தலையாட்டினால் போதும். இனிகோ ஆட்டவில்லை.

“அவரு கட்டிப் புரண்டாரான்னே எனக்குத் தெரியாது தங்கச்சி. நான் ஜீப்புக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தேன்.”