கறுப்பு போர்டர்

தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி ஏறிவிட்டது. ஆண்டியப்பனின் பெயரைச் சொல்லிப் பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்டியப்பனோ உள்ளறையில் சம்மணம் போட்டு, மூன்றாவது ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தார்.

எதிரே தங்கை மகன் நிரஞ்சன் கதவிடுக்கு வழியாக வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹட்டனில் டிசைன் படிக்கிறான். கடைசி புரொஜெக்டுக்கு, நிஜமான ஓர் ஆளுக்கு நிஜமான போஸ்டர் அடிக்க வேண்டும். கோயில் கமிட்டித் தலைவர் பதவிக்கு நிற்கும் மாமாவுக்கே அடித்தான்.

மஞ்சளும் சிவப்பும் இல்லாமல் சட்டைகூட வாங்காத மனுஷன் அவர். கறுப்பு வெள்ளைப் படம், சுற்றிலும் கறுப்பு போர்டர், பெயர் மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் பொடியாக என்று அவர் கேட்டபோது, மாமாவுக்கு இவ்வளவு ரசனையா என்று நிரஞ்சன் பூரித்துப்போனான்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துச் சுவரில் நேற்று மாலை ஒட்டினான். படத்தையும் போர்டரையும் பார்த்த தோட்டத்துச் சனம், அடியில் இருந்த ‘தலைவராகத் தெரிவு செய்வீர்’ வரைக்கும் இறங்கவே இல்லை. பிரேதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் வேறு கிளப்பிவிட்டிருந்தான்.

“மாமா, வெளிய போயி மூஞ்சிய காட்டுங்க. புரொஜெக்டுக்கு மார்க் போடுற ஃபாஸில் சேருக்குத் தெரிஞ்சா என்னைய ஃபெயிலாக்கிருவாரு. பின்னேரம் எலெக்‌ஷன் வேற.”

“நாலு பேரு நம்மளப் பத்தி நல்லதாப் பேசுறாங்க. நடுவுல போயி நின்னா மரியாத இல்லடா.”

அத்தை நாகலெட்சுமி வெறும் கேத்தலோடு உள்ளே வந்தாள். “அவரு உசுரோட இருக்காருன்னு தொண்ட கிழியச் சொல்லிட்டேன். அதிர்ச்சியில பெனாத்துறேன்னு முதுக தடவி விடுறாளுக. சரி, வந்தவங்களுக்கு சாயத்தண்ணியாச்சும் குடுக்கணுமே. நல்ல வேள, நேத்து நீங்க ரெண்டு கிலோ சீனி வாங்கியாந்தீங்க.”

வெளியே நல்லமுத்துவின் குரல் கேட்டது. தேர்தலில் மாமாவை எதிர்த்து நிற்பவர், இருபது வருஷமாக மாமாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். ஆனால் சாவு வீட்டில் செத்தவரை நாலு வார்த்தை புகழாமல் போனால் தோட்டம் காறித் துப்பும். அதுவும் ஓட்டுக் கேட்கிற நாளில்.

“இவரு மாதிரி தலைவரு இனி நமக்குக் கெடைக்கவே மாட்டாரு” என்று விம்மினார் நல்லமுத்து. “மாரியம்மா சத்தியமா சொல்றேன். இவரு மட்டும் இப்ப எந்திரிச்சு வந்தா, நான் போட்டியிலருந்து வெலகிக்கிருவேன்.”

ஆண்டியப்பன் கையைக் கழுவினார், தலையை வாரினார், வாசலுக்குப் போய்க் கும்பிட்டார்.

இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மற்றவர்கள் ஓடுவதா சிரிப்பதா என்று முழித்தார்கள். நல்லமுத்து வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார். அம்மன் மேல் செய்த சத்தியம், ஊரே சாட்சி, இனி எங்கே போவது? போட்டியே இல்லாமல் ஆண்டியப்பன் தலைவரானார்.

பின்னேரம், சாவுக்கு வந்த மாலைகளில் வாடாத ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவர் கோயிலிலிருந்து திரும்பினார். நிரஞ்சன் ஓடிப்போய்க் காலில் விழுந்தான்.

“மன்னிச்சிருங்க மாமா. டிசைன் பண்ணத் தெரியாம ஒங்களச் சாகடிச்சிட்டேன்.”

மாமா அவனைத் தூக்கி நிறுத்திக் காதோரம் குனிந்தார்.

“கேட்டது கேட்ட மாதிரியே வந்துச்சுன்னு ஒங்க சேர்கிட்ட நானே சொல்றேன். இல்லாட்டி நேத்தே ரெண்டு கிலோ சீனி எதுக்குடா வாங்குனேன்?”