முட்டைக்குத் தெரியாமல்

“நகர்த்துறது பெருசில்ல சார், மேல இருக்கிறவளுக்குத் தெரியாம நகர்த்தணும்,” என்று வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் பொற்கொடி பீரோவின் உச்சியைக் காட்டினாள். அங்கே ஒரு புறா ஒற்றை முட்டையின்மேல் உட்கார்ந்திருந்தது. பீரோவுக்குப் பின்னால் ஒழுகும் சுவரை உடைக்க மேஸ்திரி வருவதற்குள் பீரோ அறையின் மறுகோடிக்குப் போயாக வேண்டும். காலையில் வீட்டுக்காரன் தயாளன் தானே முட்டித் தள்ளியபோது அசையாமல் நின்ற பீரோ திடீரென்று குதித்தது. புறா பறந்தது, இருந்த இரண்டு முட்டைகளில் ஒன்று விழுந்து உடைந்தது.

“திரும்பி வந்ததே பெருசு. இன்னொரு தடவ பறந்தா வரமாட்டா.”

“கூட ஒரு ஆளக் கூப்பிடட்டுமாக்கா?”

“எதுக்கு, மிச்சத்தையும் உடைக்கவா?”

பீரோவின் கால்கள் போகும் வழியில் மட்டும் அவள் ஈரச் சோப்பைத் தேய்த்தாள். தன் பாதங்கள் பதியும் இடத்தை உலரத் துடைத்தாள். குனிந்து, தாழ்வாகத் தோளைக் கொடுத்தாள்.

“கிளம்பத்தான் சார் பலம் வேணும். கிளம்பின உடனே குறைச்சிடணும். நீங்க குறைக்கல, குதிச்சிடுச்சு.”

பீரோ முனகியது. அந்தக் கணமே அவள் தோள் தளர்ந்தது. பீரோ ஒரே சீராக வழுக்கிப் போயிற்று. டைல்ஸ் முடிந்து சொரசொரப்பான சிமெண்ட் தரை தொடங்கும் இடத்தில் தயாளன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் அழுத்தத்தைக் கொஞ்சமே கூட்டினாள். வேகம் மாறவேயில்லை.

புறா ஒரு கண்ணைத் திறந்து, மெல்ல விலகிப் போகும் ஜன்னலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அதைப் பொறுத்தவரை நகர்ந்தது பீரோவா, வீடா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?